தனியின்போது எழுந்தவள்

சபாவில் தனி ஆவர்த்தனம் தொடங்கினால் எழுந்து கேன்டீனுக்குப் போவது எங்கள் மயிலாப்பூர்ப் பழக்கம். பாட்டு நின்று தாளக்காரர் மட்டும் வாசிக்கும் அந்த நேரத்தில் முந்திக்கொண்டால்தான் உட்கார இடம் கிடைக்கும். நானும் முப்பது வருஷமாக அப்படித்தான். என் தம்பியே கடம் வாசிப்பவன் என்பதுகூட என் காலைக் கட்டிப்போட்டதில்லை. இருட்டில் யார் எழுந்தார்கள் என்று அவனுக்கு எங்கே தெரியப்போகிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

அவன் பேர்போன வித்வான் இல்லை. பகலில் இன்சூரன்ஸ் ஆபீஸ், சாயங்காலம் கச்சேரி. மிருதங்கத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கிடைக்கிற இரண்டு மூன்று நிமிஷத்தில் தன் வித்தையைக் காட்டிவிட்டு வருவான்.

போன மார்கழிக்கு முந்தின மார்கழியில் ஆழ்வார்பேட்டையில் ஒரு சின்ன மியூசியத்தில் கச்சேரி. பழைய பங்களா. வெண்கலச் சிலைகளுக்கு நடுவே நாற்பது நாற்காலி, மைக் கிடையாது. வீணையும் கடமும் மட்டும். மிருதங்கம் இல்லாததால் தனி முழுவதும் தம்பிக்கே. ஒரு வாரம் முன்பே போன் செய்தான்.

“அக்கா, பதினஞ்சு நிமிஷம் எனக்கே எனக்குன்னு குடுத்திருக்காங்க. நீ உக்காந்து கேளு, அது போதும்.”

“இதெல்லாம் சொல்லணுமாடா?” என்றேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அன்று நாலு மணி வெயில் ஹால் முழுக்க அடித்தது. நான் இரண்டாவது வரிசை. வீணை வாசித்த அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்துத் தலையசைத்தார். அவன் நாலு தட்டு தட்டியிருப்பான். பின்பக்க வராந்தாவிலிருந்து டிகாக்‌ஷன் வாசனை வந்தது. கைப்பையோடு எழுந்துவிட்டேன். யோசித்து எழுந்திருந்தாலாவது பரவாயில்லை, கால் தானாக எழுந்தது. ஒருத்தி எழுந்தால் போதாதா? பின்னாலேயே பத்துப் பன்னிரண்டு பேர் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிளம்பினார்கள். மைக் இல்லாத ஹாலில் கடத்தைவிட அந்தச் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. வாசலில் திரும்பிப் பார்த்தேன். அவன் கை நிற்கவில்லை. கண் மட்டும் என் காலி நாற்காலியில் இருந்தது.

அப்போதாவது திரும்பிப் போயிருக்கலாம். மறுபடி எல்லோர் எதிரிலும் நடக்க வெட்கம். வராந்தாவில் நின்றே கேட்டேன். அவன் அவ்வளவு நன்றாக வாசிப்பான் என்று அதுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் எங்கே உட்கார்ந்தேன்?

கச்சேரி முடிந்ததும் ஒரு காபியை எடுத்துக்கொண்டு அவனிடம் போனேன்.

“உனக்காகத்தான்டா வாங்கப் போனேன். அப்புறம் தீர்ந்துடும்ல?” என்று கூசாமல் பொய் சொன்னேன்.

அவன் சிரித்தான். வாங்கி, கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, “தேங்க்ஸ்க்கா” என்றான்.

ஆட்டோவில் மந்தைவெளி வரும்போதுதான் எனக்கு உறைத்தது. வயிற்றில் புண் என்று டாக்டர் சொல்லி அவன் காபியை விட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. என் வீட்டுக்கு வந்தால் நானே மோர்தான் கொடுப்பேன்.

இப்போதும் வருகிறான், மோர் குடிக்கிறான், ஊர்க்கதை பேசுகிறான். இந்த மார்கழியில் நானே வாய்விட்டுக் கேட்டேன். “எங்க வாசிக்கிறன்னு சொல்லுடா, வரேன்.”

“எல்லாம் சின்னக் கச்சேரிக்கா. நீ எதுக்கு அலையணும்?” என்றான். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.