பாஸ்கு வந்தும் முடியாத ஒறுத்தல்

சர்வேசுரனுடைய பிள்ளைகளே, என் மகள் லூர்துமேரி எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையில் பாஸானாள். அதுதான் எங்கள் வீட்டுக்கு வந்த பெரிய கஷ்டம். சிரிக்காமல் முழுசாகக் கேளுங்கள்.

நான் சேலம் – திருச்செங்கோடு தடத்தில் பஸ் செக்கிங் இன்ஸ்பெக்டர். குடியிருப்பது அஸ்தம்பட்டியில். என் ஒரே மகளுக்குக் கேள்விதான் சாப்பாடு. கடலை மடித்து வந்த காகிதத்தைக்கூட விரித்துப் படித்துவிட்டு ஒரு கேள்வியோடு வந்து நிற்பாள்.

"ஏனுங்கப்பா, ஏற்காட்டு மலை பக்கத்துல போனாப் பச்சையா இருக்குது. இங்கிருந்து பாத்தா நீலமா இருக்குதே?"

"குளுருக்கு நீலக் கம்பளி போத்தியிருக்குது சாமி."

"அது உங்க பதிலுங்கப்பா. நெசப் பதில் என்னுங்க?"

பதில் கிடைக்காத கேள்விகளைப் பழுப்பு அட்டை போட்ட நோட்டு ஒன்றில் எழுதி வைப்பாள்.

1961ஆம் வருஷம். சேசுவின் பாடுகளை நினைத்து நாற்பது நாள் இருக்கும் தபசு காலம் தொடங்கும்போது பரீட்சைக்கு ஒரு மாதம்தான் இருந்தது. அரையாண்டுப் பரீட்சையில் கணக்கில் மார்க்கு குறைந்துவிட்டது. பயம் பிடித்தது அவளையல்ல, என்னை. நான் அதே பரீட்சையில் இரண்டு முறை கோட்டைவிட்டவன். புனிதர்களான அர்ச்சியசிஷ்டவர்கள் ஒன்பது பேருக்கு ஒரே நேரத்தில் மெழுகுதிரி ஏற்றினேன். யார் முதலில் வந்தாலும் சரி என்று. ஞாபக சக்திக்கென்று வல்லாரைக் கீரையை அவளுக்குக் கொடுத்துவிட்டு நானும் தின்றேன். அவள் படிக்கும்போது பக்கத்திலேயே நின்று, டிக்கெட் பார்ப்பதுபோல எந்தப் பக்கம் என்று எட்டிப் பார்த்தேன். பாடத்துக்கு வெளியே ஒரு வரி படித்தாலும் பிடித்துவிடுவேன்.

என் மனைவி அந்தோணியம்மாள் பொறுக்காமல் கேட்டாள். "ஏனுங்க, பரீட்சை புள்ளைக்குங்களா, உங்களுக்குங்களா? காலையிலிருந்து அஞ்சு தரம் கொல்லைக்குப் போறது நீங்கதானுங்க."

தபசு காலத்தில் நமக்குப் பிரியமான ஒன்றை ஒறுத்தலாக விடுவது வழக்கம். தபசு தொடங்கும் விபூதிப் புதனன்று நான் மூக்குப்பொடியை விட்டேன். மனைவி காப்பியை விட்டாள். மகளிடம் சொன்னேன்:

"நீ கேள்வி கேக்கறதை உட்டுப்போடு சாமி. பாடத்துல இருக்கறதை மட்டும் படி. சேசுவுக்காக."

"சரிங்கப்பா" என்றாள்.

சேசு உயிர்த்த பாஸ்குத் திருநாள் வந்தது, ஒறுத்தலும் முடிந்தது. பூசை முடிந்து கோயில் வாசலைத் தாண்டியதும் பொடியை இழுத்து ஏழு தும்மல் தும்மினேன். மனைவி இரண்டு டம்ளர் காப்பி குடித்தாள். மகள் மட்டும் கேள்விக்குத் திரும்பவில்லை. களைப்பு என்று நினைத்தேன்.

ஜூனில் முடிவு வந்தது. நல்ல மார்க்கு. தெருவுக்கே மிட்டாய் கொடுத்தேன். காலேஜ் விண்ணப்பப் பாரம் வாங்கி வந்து நீட்டினேன்.

"வேண்டாமுங்கப்பா."

பாரத்தைத் திருப்பி என் கையிலேயே வைத்தாள். அடுப்புச் சாம்பல் அள்ளும்போது அந்தப் பழுப்பு அட்டையின் கருகிய ஓரம் வந்தது. கடலைக் காகிதத்தைப் படிக்காமல் கசக்கி எறிந்தாள். வேண்டுமென்றே கோணல்மாணலாக நான் அளந்த ஒரு கதைக்கும் மறுகேள்வி கேட்காமல், "சரிங்கப்பா" என்றாள். நான் கதவுக்குப் பின்னால் போய் அழுதேன். உயிரோடு இருக்கிற பிள்ளைக்காகத் துக்கம் காக்கிறோமே என்று இருந்தது.

அன்றுமுதல் விடியற்காலையில் முதல் பஸ்ஸுக்குப் போகுமுன் கோயிலில் முழங்கால் போட்டேன். ஒன்பது அர்ச்சியசிஷ்டவர்களையும் விட்டுவிட்டேன். ஒரே செபம்தான்: "ஆண்டவரே, நான் பாஸ் கேட்டேன், கொடுத்தீர். கேட்டது தப்பு. என் பிள்ளையைத் திருப்பித் தாரும்." மூன்று மாதம் பதில் இல்லை.

செப்டம்பரில் மாதா பிறந்த திருநாள் அன்று மதியம், காப்பி கொடுக்க வந்தவளிடம் வேடிக்கை எதுவும் பேசாமல் கேட்டேன். "அப்பன் என்ன தப்புப் பண்ணினேன் சாமி?"

அவள் டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"நீங்க படற பாட்டைப் பாக்க முடியலீங்கப்பா. பாஸ் பண்ண வச்சா ஆயுசுக்கும் கேள்வி கேக்க மாட்டேன், புஸ்தகம் தொட மாட்டேன்னு பீடத்துக்கு முன்னால நேந்துட்டேனுங்க. பாஸாயிட்டேன். ஆண்டவருக்குக் குடுத்ததைத் திருப்பிக் கேக்கலாமுங்களா?"

சட்டைகூடப் போடாமல் சைக்கிளை எடுத்தேன். பங்குச் சாமியார் என் கோலத்தைப் பார்த்து யாருக்கோ சாவு என்று நினைத்து சாகிறவர்களுக்குப் பூசும் எண்ணெய்ச் சிமிழைத் தேடினார். விஷயத்தைச் சொன்னதும் அமைதியாகக் கேட்டார்.

"வீட்டில் இருக்கிற பெண் பிள்ளை நேர்ந்தது அப்பன் காதில் விழுந்தால், அன்றைக்கே அவன் தடுத்துவிட்டால் அந்த நேர்ச்சை நிற்காது. வேதத்திலேயே இருக்கிறது. நீர் எப்போது கேட்டீர்?"

"இப்பத்தானுங்க சாமி. ஊட்டுல காப்பிகூட ஆறியிருக்காதுங்க."

"பின்னே இங்கே ஏன் நிற்கிறீர்?"

பாதி வழியில் சங்கிலி கழன்றது. சூரியன் இறங்குவதற்குள் போக வேண்டுமே என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஓடினேன். மணி மூன்றுதான் ஆகியிருந்தது. பயந்தவனுக்குக் கடிகாரம் ஏது?

மகளுக்கு முன்னால் நின்றேன். கம்பீரமாகச் சொல்ல நினைத்தேன். ஓடி வந்த இரைப்போடுதான் சொன்னேன். "நீ நேந்தது செல்லாது சாமி. அப்பன் சொல்றேன். வேதத்துல எனக்கு அந்த அதிகாரம் இருக்குதாம்."

அவள் அழுதாள். அத்தனை மாதமும் அடக்கி வைத்த அழுகை. மனைவியும் அழுதாள். வெகு நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சியபடி மகள் கேட்டாள்:

"அப்பனுக்கு மட்டுந்தானுங்களா அந்த அதிகாரம்? அம்மாளுக்கு ஏனுங்கப்பா இல்லை?"

"அப்படிக் கேளு கண்ணு" என்றாள் என் மனைவி.

சகோதரர்களே, என் செபம் கேட்கப்பட்ட நிமிஷம் அது. ஆனால் முழுவதும் திரும்பி வந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அந்த வருஷம் காலேஜில் இடம் முடிந்துபோயிருந்தது. மறு வருஷம்தான் சேர்ந்தாள். எரிந்த நோட்டில் என்னென்ன எழுதியிருந்தாள் என்று அவளுக்கே பாதி ஞாபகம் இல்லை. எட்டு வயதிலிருந்து எழுதியது.

இப்போது அவள் கேட்டால் நான் கம்பளிக் கதை சொல்வதில்லை. "தெரியாது சாமி, தேடிப் பாக்கலாம்" என்கிறேன். நாற்பத்தெட்டு வயதில் அவளுடைய பழைய பாடப் புத்தகத்தை நானும் படிக்கிறேன்.

துயரத்தில் இருக்கிறவர்களே, நம்பிக் கேளுங்கள். தப்பாகக் கேட்டிருந்தாலும் மறுபடி கேளுங்கள், அவர் கோபித்துக்கொள்வதில்லை. ஆனால் உங்கள் பயத்தால் பிள்ளைமேல் ஏதாவது கட்டுப் போட்டிருந்தால், அதற்காக மூன்று மாதம் முழங்காலில் நிற்க வேண்டாம். இன்றைக்கே வீட்டுக்குப் போய் அவிழ்த்து விடுங்கள். அந்த அதிகாரத்தை அவர் எப்போதோ நம் கையில் கொடுத்துவிட்டார்.