ஐரீன் நடக்கும் தண்ணீர்

கேட்டைத் திறந்து உள்ளே வந்தால் ரமாபாய்க்கு முதலில் மனிதர்கள் கண்ணில் படுவதில்லை. செருப்பை உதறிவிட்டு நேரே நீச்சல் குளத்துக்குப் போவார். குனிந்து ஒரு கை தண்ணீரை அள்ளி மோந்து பார்ப்பார். அப்புறம் படியில் இறங்கி, வலது உள்ளங்காலை அழுத்தி முன்னும் பின்னும் தேய்ப்பார். காலுக்கடியில் கொஞ்சம் வழுவழுப்பு தட்டினாலும் போயிற்று. "வந்துட்டாங்கய்யா மாமியார் வூட்டு ஜனம். சொல்லாம கொள்ளாம வந்து குந்திக்கினு கீறாங்க" என்று பாசியை ஏச ஆரம்பித்துவிடுவார். வீட்டுக்காரர்களுக்கு வணக்கமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டு குடியிருப்பில் வீடு. ஐம்பதைத் தொடும் வயது. நகரத்துக் கிளப் ஒன்றில் துண்டு துவைக்கச் சேர்ந்தவர், குளம் துடைக்கிற ஆள் வராத ஒரு நாளில் பிரஷ்ஷைக் கையில் எடுத்தார். அதோடு சரி, விடவில்லை. இப்போது தெற்கே பெரிய பெரிய வீட்டுக் குளங்களெல்லாம் அவர் கையில்தான். ஆனாலும் திருவொற்றியூர் நோயல் வீட்டுக் குளத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் குரல் உயர்ந்துவிடும். "மத்த வூட்ல எல்லாம் சொம்மா கூத்தடிக்கத் தொட்டி கட்டி வச்சிக்கீறாங்க. இங்க அப்டி இல்ல நைனா. இங்க ஒரு பொம்பள நடக்குது."

நோயலின் மனைவி ஐரீனைத்தான் சொல்கிறார். பக்கவாதத்தில் ஐரீனுக்கு இடது பக்கம் விழுந்துவிட்டது. தரையில் நாலடி வைப்பதற்குள் பெரும் பாடு. கன்டெய்னர் லாரி ஓட்டிச் சம்பாதித்த நோயல், டாக்டர் சொன்னார் என்று வண்டி நிறுத்துகிற இடத்தைத் தோண்டி மார்பளவு ஆழத்தில் குளம் கட்டினார். அந்தத் தண்ணீருக்குள் இறங்கிவிட்டால் ஐரீன் யாரும் பிடிக்காமல் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் நடப்பார். ரமாபாய் எத்தனையோ தடவை பார்த்தாயிற்று. இருந்தும் ஐரீன் முதல் அடி வைத்ததும் கையிலிருக்கும் பிரஷ் நின்றுவிடும். "எனக்கு மெய்யாலுமே அழுவாச்சியா வருது. தண்ணிக்கு இன்னா பவரு பாத்தியா" என்பார்.

எண்ணூர்ப் பக்கத்துக் காற்று கரித்தூள் இல்லாமல் வராது. போர்த் தண்ணீரில் இரும்பு. இந்த ஊரில் குளத்தைத் தெளிவாக வைத்திருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. மருந்துக்கு முன்னால் தேய்க்க வேண்டும் என்பது ரமாபாயின் பிடிவாதம். ஏணிக்குப் பின்னால், படியின் மூலையில், தண்ணீர் ஓடாமல் தேங்குகிற இடத்தில்தான் பாசி குடியேறும். டைல்ஸுக்கு நடுவே ஓடும் கோடுகளைப் பழைய டூத் பிரஷ்ஷால் நோண்டுவார். குளோரின் போடுவது வெயில் தாழ்ந்த பிறகு. பகலில் போட்டால் "சூரியன் குடிச்சிட்டுப் பூடும்."

அக்டோபரில் ஒரு வாரம் மட்டும் ரமாபாய்க்கு உலகத்தில் எந்தக் குளமும் கிடையாது. பௌத்தர்கள் கூடும் தம்ம தீட்சை நாளுக்கு நாக்பூர் ரயில் ஏறிவிடுவார். இந்த வருஷம் மழையும் முந்திக்கொண்டது. தண்ணீர் பச்சை கட்டிவிட்டது. நோயலுக்குப் பொறுமை கிடையாது. போர்த் தண்ணீரை நிரப்பி, தேய்க்காமல் கொள்ளாமல் ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடரைக் கொட்டினார். தண்ணீரிலிருந்த இரும்பெல்லாம் துருவாகிக் குளமே டீ நிறமாயிற்று. படியெல்லாம் பழுப்புக் கறை. பச்சைதான் போய்விட்டதே என்று நோயல் நினைத்தார். நடக்காமல் கிடந்த ஐரீனுக்கோ பொறுக்கவில்லை. கலங்கலுக்கு அடியில் படியில் பாசி அப்படியே இருந்ததை யார் கண்டார்கள்? கால் வைத்ததும் வழுக்கி, ஐரீன் முழுசாக உள்ளே போய்விட்டார். நோயல் இழுத்துக் கரை சேர்ப்பதற்குள் மூச்சுத் திணறிவிட்டது.

ரமாபாய் ஊர் திரும்பி வந்து பார்த்தால், கேட்டோரம் ஒரு லோடு மண் குவிந்து கிடக்கிறது.

"மூடிடறேன் ரமா. எனக்கு வோணாம் இந்தக் கொளம். அவ போய்ச் சேந்திருந்தா நான் இன்னா பண்ணுவேன்?" என்றார் நோயல்.

நாற்காலியில் இருந்த ஐரீன், "ரமா, நான் நடக்கணும்" என்றார்.

ரமாபாய் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மண்ணு எங்கியும் ஓடிப் பூடாது ண்ணா. ஞாயித்துக்கெயம வரிக்கும் அங்கியே கெடக்கட்டும். அப்பால உன் இஷ்டம்."

பிறகு புடவையை இழுத்துச் செருகினார். வைட்டமின் சி மாத்திரை ஒன்றைக் கறையின் மேல் வைத்து அழுத்திப் பார்த்தார். எடுத்த இடத்தில் மாத்திரை அகலத்துக்கு வெளுத்திருந்தது. "துருதான். போவும்" என்றார். சுவரையும் படியையும் கை வலிக்க வலிக்கத் தேய்த்தார். சாயங்காலம் குளோரின், மறுநாள் படிகாரம். கலங்கலெல்லாம் அடியில் உட்கார்ந்த பிறகு குழாயை விட்டு உறிஞ்சி வெளியே தள்ளினார். தண்ணீர் இறங்கி வெளியே தெரிந்த படிகளை, மாத்திரைகளைப் பழைய சாக்ஸில் கட்டித் துடைத்தார். வெளியேற்றிய அளவுக்கு லாரித் தண்ணீர் வாங்கி நிரப்பினார். போர்க் குழாய்ப் பக்கம் நோயலை அண்டவே விடவில்லை.

சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் அடித்தரை தெரிந்துவிட்டது. அடேயப்பா, தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகம் வரும். ஒவ்வொரு டைல்ஸும் கையால் எடுத்துவிடலாம் போலத் தெரிந்தது. நோயல் சிலுவை போட்டுக்கொண்டார். இதே வேலையைக் காலமெல்லாம் செய்கிற ரமாபாயும் மேல்படியில் உட்கார்ந்து, "இன்னும் நம்ப முடியில ண்ணா" என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த நோயல், "கொளம் சுத்தமாத்தான் கீது ரமா. என் பயம் போவலியே" என்றார்.

"போவாது. நீ கரையிலியே நில்லு."

ரமாபாய் புடவையோடு தண்ணீரில் இறங்கினார். ஐரீனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாகவே இறங்கி அவரைக் குளத்தின் அடித்தரைக்குக் கொண்டுவந்தார். தண்ணீர் மார்பைத் தொட்டதும் ஐரீன், "வுடு" என்றார்.

ரமாபாய் விட்டார். ஐரீன் ஒரு பக்கமாக ஆடினார். இடது கால் மெல்ல முன்னால் வந்து ஊன்றியது.

"புடி ரமா, புடி" என்று நோயல் கரையில் மண்டியிட்டுக் கத்தினார்.

ரமாபாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, இன்னும் ஓரடி பின்னால் நகர்ந்து, வா என்று தலையை மட்டும் அசைத்தார்.