ஜெனிதா தொலைத்த புள்ளி

அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்த ஜெனிதா ஜேர்மனியில் வைரத்தை ஆராய்கிறவள். நகைக்கடை வைரமல்ல, நகத்தளவு தகடு. அதற்குள் காபன் இருக்கவேண்டிய ஓரிடத்தில் நைதரசன் உட்கார்ந்திருக்கும், பக்கத்து இடம் காலியாகக் கிடக்கும். அந்தக் குறையிலுள்ள இலத்திரன் குட்டிக் காந்தம்போல நடந்துகொள்ளும். பச்சை லேசர் பட்டால் குறை சிவப்பாக ஒளிரும். ஏற்ற நுண்ணலையும் சேர்ந்தால் ஒளி மங்கும். அந்த மங்கலைக் கொண்டுதான் இலத்திரனின் சுழற்சியை அறிகிறார்கள். ஒரேயொரு குறையை எட்டு மாதம் அளந்திருந்தாள். கடைசி அளவு ஒன்றுதான் பாக்கி.

அப்போது அம்மா பவுலினுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. ஜெனிதா ஊருக்கு ஓடிவந்தாள். இரண்டு மணிக்கொரு தடவை அம்மாவைப் புரட்டிப் படுக்கவைப்பாள். இடையில், பக்கத்து வீட்டு ஷாமிலா கொடுத்த இணையத்தில், ஜேர்மனியிலுள்ள கருவியை இங்கிருந்தே இயக்குவாள்.

ஒருநாள் ஆய்வுகூடத் தோழி வைரத்தைக் கழுவிக் கருவியில் திரும்ப வைத்தாள். படத்தில் குறைகள் நூறு புள்ளிகளாக ஒளிர்ந்தன, ஜெனிதாவின் புள்ளியை மட்டும் காணோம். வெள்ளிக்குள் கிடைக்காவிட்டால் வேறொன்றைப் பிடித்து முதலிலிருந்து தொடங்கச் சொன்னார் பேராசிரியர். இரண்டு நாள் தேடினாள். கிடைக்கவில்லை.

வியாழன் காலை வந்த தாதி கட்டிலைப் பார்த்தார். "விழுந்த பக்கம் சுவரோட இருக்கு. அந்தப் பக்கத்தையே மறந்துடுவாங்க. தலைமாட்டை மாத்துங்க."

ஜெனிதாவும் ஷாமிலாவும் பவுலினைத் தூக்கி, கால்மாட்டில் தலையணை போட்டுப் படுக்கவைத்தார்கள்.

"சன்னல் எங்கடி? களவெடுத்துட்டாங்களா?" என்றார் பவுலின்.

"அது அங்கேயேதாம்மா இருக்கு. நீங்கதான் திரும்பிட்டீங்க."

"நல்லவேளை, சுவரைத் தேடல," என்று சிரித்தாள் ஷாமிலா.

ஜெனிதா சிரிக்கவில்லை. தன் புள்ளியின் அக்கம்பக்கத்துப் புள்ளிகளை வரைந்து வைத்திருந்த கொப்பியை எடுத்தாள், தலைகீழாகத் திருப்பித் திரைக்குப் பக்கத்தில் வைத்தாள். பொருந்தியது. வைரத்தையும் தலைமாடு மாற்றித்தான் வைத்திருந்தார்கள்.

அந்த இடத்துக்கு லேசரைக் கொண்டுபோய் அளந்தாள். மங்கல் இரண்டாகப் பிரிந்து தெரிந்தது. பக்கத்துக் காபன் அணுக்கரு ஒன்று போட்ட அடையாளம் அது. எட்டு மாதமாக அவளுக்குப் பழக்கமான அடையாளம்.

கடைசி அளவு வெள்ளி பகலில் முடிந்தது. அதற்குள் பவுலினைப் பத்துப் பன்னிரண்டு தடவை புரட்டியாயிற்று, முதுகில் ஒரு படுக்கைப்புண்கூட இல்லை.

ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் தாதி, ஷாமிலா, வைரத்தைக் கழுவிய தோழி எல்லோரும் இருக்கிறார்கள். முதல் பெயர் பவுலின்.

"எனக்கு எதுக்குடி நன்றி? நான் சும்மா படுத்துத்தானே கெடந்தேன்?"

"அதுக்குத்தாம்மா," என்று அவரை இடப்பக்கம் திருப்பினாள் ஜெனிதா.