யார் ஜெயித்தது என்று தெரியாதவர்

கல்யாணமான புதிதில் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. கணவர் பத்திரிகைக்காக விளையாட்டுப் போட்டிகளைப் படம் எடுப்பவர். கால்பந்து மைதானத்திலிருந்து திரும்பியவரிடம், "யாருங்க ஜெயிச்சா?" என்று கேட்டாள். சட்டையைக் கழற்றிக்கொண்டே, "தெரியலம்மா" என்றார்.

கோல் கம்பத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மனுஷனுக்கு அது எப்படித் தெரியாமல் போகும்? உண்மையில் மைதானத்துக்குத்தான் போகிறாரா? மறுநாள் பேப்பரில் அவர் எடுத்த படம் கொட்டை எழுத்துச் செய்திக்கு மேலே வந்திருந்தது. சந்தேகம் தீர்ந்தது. ஆச்சரியம் தீரவில்லை.

விஷயம் பிற்பாடுதான் பிடிபட்டது. இடைவேளையிலேயே பிலிம் சுருளைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கு ஓடி, படம் கழுவ இருட்டறைக்குள் நுழைந்துவிடுவாராம். அச்சுக்கூடம் காத்திருக்காதே.

அவர் தொழில் கற்றது தாய்மாமாவின் ஸ்டூடியோவில். கல்யாண வீடுகளில் எல்லோரும் சிரித்துக்கொண்டு நிற்பதை விட்டுவிட்டு, மாப்பிள்ளையின் அப்பா தும்முவதையும் மணப்பெண் செருப்பைத் தேடுவதையும் எடுத்துக்கொண்டு வருவார். ஆல்பம் வாங்க வந்தவர்கள் சண்டைக்கு நின்றார்கள். "மாப்ள, சும்மா நிக்கிறவங்கள எடுக்க உன்னால ஆகாது. ஓடுறவங்களப் போய் எடு" என்று மாமாவே ஒரு பத்திரிகையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்.

முடிவைத் தெரிந்துகொள்ளாமல் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுப்படியில் ரேடியோவை வைத்து வர்ணனை கேட்க ஆரம்பித்தாள். கேட்கக் கேட்க ஆட்டம் அவளைப் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நாளில் நிலைமை தலைகீழானது. அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "யாரு ஜெயிச்சா?" என்று கேட்பார். அவள் உள்ளேயிருந்து சொல்வாள்.

ஒரு நாள் வர்ணனையாளர், கோட்டுக்கு வெளியே ஒரு புகைப்படக்காரருக்கு அடிபட்டுவிட்டது என்றார். அடுப்பை அணைத்துவிட்டு மைதானத்துக்குப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். வேகத்தில் நிற்க முடியாமல் ஓர் ஆட்டக்காரர் அவர்மேல் விழுந்ததில் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. அவளைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "கேமராவுக்கு ஒண்ணும் ஆகல." கால்மாட்டில் அந்த ஆட்டக்காரர் சேறு படிந்த உடையோடு குற்றவாளி போல உட்கார்ந்திருந்தார். திட்டத்தான் வாயெடுத்தாள். வந்ததோ வேறு கேள்வி.

"ஏம்ப்பா, அந்தப் பந்து உள்ள போச்சா?"

"இல்லக்கா. கம்பத்துல பட்டு வெளிய போயிடுச்சு."

மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். "சிரிக்க வைக்காதீங்க, வலிக்குது" என்றார் அவர். விழும்போதும் விரல் பொத்தானை விடவில்லை. பூட்ஸ் அடிப்பாகமும் அதற்குப் பின்னால் வானமுமாக அந்தப் படம் முதல் பக்கத்தில் வந்தது. அதன் பிறகு எத்தனையோ ஆட்டங்கள், எத்தனையோ கேமராக்கள்.

ஓய்வு பெற்றதும் மைதானத்திலேயே ஒரு பாராட்டு விழா வைத்தார்கள். மாலை ஆட்டத்துக்கு முன்பு மேடை போட்டு, மறக்க முடியாத ஆட்டத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். ஒரு கோல்கீப்பரின் முகத்தை அவர் அணு அணுவாக வர்ணித்தார். கடைசியில், "மூணுக்கு ஒண்ணுல அவன் டீம் ஜெயிச்சாங்க" என்றார்.

"ரெண்டுக்கு ஒண்ணு. ஜெயிச்சது எதிர் டீம்" என்றாள் முன்வரிசையிலிருந்து. கூட்டம் கொல்லென்று சிரித்தது. மைக்கை அவளிடமே கொடுத்துவிட்டார்கள். யார் அடித்தது, எந்தக் காலால் என்பது வரை சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

ஆட்டத்தைப் பார்க்க மேலே இருவருக்கும் மெத்தை நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் நெளிந்தார். "இங்கேருந்து எல்லாம் எறும்பு மாதிரி இருக்கு. முகமே தெரியல."

ரொம்ப நாளாக மனதில் இருந்ததை அப்போது கேட்டாள். "பொத்தானை அழுத்துற அந்த நொடியில என்னங்க தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. கேமரா உள்ள இருக்கிற கண்ணாடி எழும்பி மறைச்சிடும். படத்துல இருக்குற நொடியை நானும் அப்புறமாத்தான் பார்ப்பேன்."

அவள் கீழே கோல் வலைப் பக்கம் பார்த்தாள். பிறகு, "நீங்க உட்கார்ற இடத்தை எனக்குக் காட்டுங்க" என்றாள்.

இடைவேளையில் கீழே கூட்டிக்கொண்டுபோய், கோல் வலைக்குப் பக்கத்தில் ஒரு குட்டை முக்காலியில் உட்கார வைத்தார். தான் புல்லிலேயே உட்கார்ந்துகொண்டார். ஆட்டம் மீண்டும் தொடங்கியது. ரேடியோவில் ஒருபோதும் கேட்காத சத்தங்கள் அவள் காதில் விழுந்தன: மூச்சிரைப்பு, தரை அதிர்வது, கோல்கீப்பர் தனக்குத்தானே ஏதோ முணுமுணுப்பது.

"என்னங்க சொல்றான் அவன்?"

"அம்மாவைக் கூப்பிடுறான். நிறைய பேர் கூப்பிடுவாங்க."

மேலே போகலாம் என்று விழாக்காரர் ஒருவர் கூப்பிட வந்தார். அவள் திரும்பிப் பார்க்காமலேயே, "நீங்க போங்க தம்பி" என்று சொல்லிவிட்டு முக்காலியைக் கோட்டை ஒட்டி இன்னும் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.