படிக்கட்டில் செருப்பு எண்ணிய இரண்டு நாட்கள்

செவ்வாய்க்கிழமை, காலை ஐந்தே முக்கால். பர்மாவில், யாங்கோன் பக்கத்து இன்சீன் ரயில் நிலையத்தில் நல்ல மழை. வட்ட ரயிலுக்கு ஆளுக்கு இருநூறு கியாட் கொடுத்து இரண்டு சீட்டு வாங்கினேன். ஒன்று எனக்கு, ஒன்று என் சம்பந்தி டோ மியாவுக்கு. அமெரிக்கப் பள்ளிக்கூடங்களைப் பற்றி எங்களுக்குள் ஒரு வழக்கு. அதைத் தீர்க்க நாங்கள் புறப்பட்டது ஆற்றுக்கு அக்கரையில் உள்ள த்வாண்டேக்கு. சிரிக்காதீர்கள், முழுவதும் கேட்டுவிட்டுச் சிரிக்கலாம்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் எங்கள் கோயில் தமிழ் வகுப்பு டீச்சர் கௌரி. என் பேச்சையெல்லாம் அவள் புத்தகத் தமிழாக நிமிர்த்திவிடுவாள். நாங்கள் ஒருவருக்கொருவர் பேசியதை மட்டும், பர்மிய மொழியில் பேசியதைக்கூட, பேச்சுத் தமிழிலேயே போடு என்று சொல்லியிருக்கிறேன்.

என் மகள் கமலாவைக் கட்டியவன் டோ மியாவின் மூத்த மகன் கோ ஜோ. அவர்கள் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்துக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. அவர்கள் பிள்ளை திரிக்கு ஏழு வயது. இங்கே இருந்தபோது தூக்கத்தில்கூட வாய் மூடாதவள், அங்கே பள்ளிக்கூடத்தில் ஒரு வருடமாக ஒரு வார்த்தை பேசவில்லையாம். டீச்சர் கூப்பிட்டாலும் பேசுவதில்லை, பக்கத்துப் பிள்ளை கூப்பிட்டாலும் பேசுவதில்லை. நியூயார்க் மாநிலத்தில் இருக்கும் கோ ஜோவின் தம்பி, "இங்கே வந்துவிடுங்கள், பள்ளிக்கூடம் நன்றாக இருக்கும்" என்கிறான். இந்த மாதக் கடைசியில் டெக்சாஸ் வாடகை வீட்டு ஒப்பந்தம் முடிகிறது. அதற்குள் முடிவு சொல்ல வேண்டும். கோ ஜோ எங்கிருந்தோ ஒரு பட்டியலை எடுத்து எங்கள் இரண்டு பேருக்கும் போனில் அனுப்பினான். ஒவ்வொரு மாநிலத்திலும் அரசுப் பள்ளியில் எத்தனை பிள்ளைகள், ஒரு பிள்ளைக்கு என்ன செலவு, வேலைக்கு எத்தனை பேர் என்று வரிசை வரிசையாக எண்கள்.

டோ மியா பர்மியப் பெண். ஆனால் இன்சீன் ரயில்வே குடியிருப்பில் எங்களோடு வளர்ந்தவள், என்னைத் திட்டும் அளவுக்குத் தமிழ் தெரியும். தபாலாபீசில் வேலை பார்த்ததால் ஆங்கிலமும் எழுத்துக் கூட்டிப் படிப்பாள். ரயில் கிளம்பியதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனில் அந்தப் பட்டியலைத் திறந்தாள்.

"பாரு அக்கா. நியூயார்க்குல பிள்ளைங்க டெக்சாஸ்ல பாதிகூட இல்ல. ஒரு பிள்ளைக்குச் செலவு மட்டும் ரெண்டு மடங்குக்கு மேல. ரெண்டு எடத்துலயும் டீச்சருங்க எவ்வளவு பேரு தெரியுமா? ஒரு டீச்சருக்குக் கை வெரல் அளவுதான் பிள்ளைங்க. நியூயார்க்குல அதுவும் கொறைச்சல். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"காகிதத்துல இருக்கிற டீச்சரு பிள்ளை மூக்கத் தொடைப்பாளா?"

"ஒனக்குப் படிக்கத் தெரியாது, அதான் காகிதம்னா கோவம்."

"ஒனக்கு ரெண்டு மகனும் ஒரே ஊர்ல இருக்கணும். அதான் காகிதத்து மேல இவ்வளவு பாசம்."

எதிரே கீரைக் கூடையோடு இருந்தவளுக்குத் தமிழ் புரியாது. ஆனாலும் சிரித்தாள். சம்பந்திச் சண்டைக்கு எந்த ஊரிலும் மொழிபெயர்ப்பு வேண்டாம்.

என்னிடமும் ஒரு கணக்கு முறை உண்டு. இன்சீனில் ஒரு புத்த மடத்துப் பள்ளிக்கூட வாசலில் முப்பது வருடம் பருப்பு வடை விற்றவள் நான். பர்மியர் அதைப் பயாஜோ என்பார்கள். மடத்துக்குள் யாரும் செருப்போடு ஏறக்கூடாது. எல்லாச் செருப்பும் படிக்கட்டில் கிடக்கும். காலையில் அதை ஒரு பார்வை பார்த்தால் இன்றைக்கு எத்தனை பிள்ளை, எத்தனை டீச்சர், எவ்வளவு பருப்பு அரைக்கலாம் என்று தெரிந்துவிடும். ஒருநாளும் மாவு மிஞ்சியதில்லை. அதனால் சொன்னேன்: அவள் சொல்லும் நியூயார்க் மாதிரி பிள்ளை குறைச்சலாக உள்ள பள்ளி ஒன்று, நான் சொல்லும் டெக்சாஸ் மாதிரி கூட்டமாக உள்ள பள்ளி ஒன்று, இரண்டையும் போய்ப் பார்ப்போம். எது ஒரு வாய் பேசாத பிள்ளைக்கு ஆகும் என்று கண்ணால் பார்த்துக் கமலாவுக்கும் கோ ஜோவுக்கும் சொல்வோம். தோற்றவள் ஒரு வாரத்துக்கு மொஹிங்கா, அதாவது மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ், வாங்கித் தர வேண்டும்.

முக்கால் மணி நேரத்தில் யாங்கோன் பெரிய ஸ்டேஷன். அங்கிருந்து பன்சோடான் படகுத் துறைக்கு ஒரு மைல், ஒரே குடையில் நடந்தோம். குடை அவளுடையது, அதனால் நனைந்தது நான். அக்கரையில் உள்ள தலா என்ற ஊருக்குப் போகும் படகில் ஏறியதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பத்து வருடமாக ஆற்றைத் தாண்டவில்லை! அவித்த காடை முட்டை வாங்கி இரண்டு பேரும் தின்றோம். பத்து நிமிடத்தில் அக்கரை வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போகக்கூடாதா என்றிருந்தது. தலாவிலிருந்து த்வாண்டேக்குப் பதினைந்து மைல், பங்கு காரில் தலைக்கு மூவாயிரம் கியாட். வழி முழுவதும் நெல் வயல். பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை.

பத்தரை மணி. த்வாண்டே கால்வாயைத் தாண்டி ஒரு சின்ன மடத்துப் பள்ளி. டோ மியாவின் சித்தி மகள் அங்கே சயாமா, அதாவது டீச்சர். நான் படிக்கட்டில் நின்று எண்ணினேன். சின்னச் செருப்பு முப்பத்தொரு ஜோடி, பெரிய செருப்பு இரண்டு ஜோடி.

"பாத்தியா, எவ்வளவு அமைதி! பதினஞ்சு பிள்ளைக்கு ஒரு டீச்சரு. மொஹிங்காவுக்குப் பணம் எடுத்து வை" என்றாள் டோ மியா.

உள்ளே ஒரே கூடம். நாலு மூலையில் நாலு வகுப்பு. சயாமா ஒரு மூலையில் கணக்கு எழுதிப் போட்டுவிட்டு அடுத்த மூலைக்கு ஓடுகிறாள். அங்கே பாட்டு ஆரம்பித்துவிட்டு இங்கே ஓடி வருகிறாள். மற்ற இரண்டு மூலைக்கும் இன்னொருத்தி அதேபோல் ஓடுகிறாள். நல்ல பெண். மழையில் வந்த எங்களுக்குத் தேநீர் ஊற்றித் தரவும் மறக்கவில்லை. ஆனால் கடைசி மூலையில் ஒரு பெண் பிள்ளை நனைந்த லுங்கியோடு நடுங்கிக்கொண்டு இருந்தது. அரை மணி நேரமாக யாரும் பார்க்கவில்லை. நான்தான் என் துண்டால் துடைத்துவிட்டேன்.

சயாமா வெட்கப்பட்டாள். "தலையை எண்ணினா நல்ல கணக்குத்தான் அக்கா. ஆனா நாலு வகுப்புக்கும் நாங்க ரெண்டே பேரு. எனக்குக் கால் ரெண்டுதான் இருக்கு."

திரும்பும்போது டோ மியா ஒரு மண் சட்டி வாங்கினாள். பேசாமல் இருக்க வேண்டிவந்தால் எதையாவது வாங்குவது அவள் வழக்கம். படகில் அந்தச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "நாளைக்கு மறுநாள் ஒன் கூட்டத்தப் பாப்போம்" என்றாள்.

வியாழக்கிழமை, காலை ஏழு மணி. ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, ஆலைகள் நிறைந்த லைங் தாயாவுக்குப் பஸ். எங்களைச் சுற்றித் தையல் ஆலை பஸ்கள், ஜன்னல் எல்லாம் சந்தனம் போலத் தனக்கா பூசிய முகங்கள், பாதி தூங்கும் முகங்கள். எங்கள் தெருவிலிருந்து இங்கே குடிவந்த மா சான் வாசலில் காத்திருந்து ஒரு மடத்துப் பள்ளிக்கு அழைத்துப் போனாள். படிக்கட்டைப் பார்த்து மலைத்துப்போனேன். சின்னச் செருப்பு முந்நூறுக்குக் குறையாது, எண்ணி முடிக்க முடியவில்லை. பெரிய செருப்பு ஒரு ஓரமாக வரிசையில் கிடந்தது. அதை மட்டும் இரண்டு தரம் எண்ணினேன். இருபத்தாறு ஜோடி!

"சம்பந்தி! இருபத்தாறு டீச்சரு! இதுக்கு என்ன சொல்ற?" என்று மழையில் கத்தினேன். மடத்து நாய் எழுந்து போய்விட்டது.

உள்ளே போனால் டீச்சர்கள் ஐந்து பேர். ஒவ்வொருவர் முன்னும் அறுபது பிள்ளைகள் இருக்கும். எனக்கு முகம் விழுந்துவிட்டது. முப்பது வருடத்தில் என் செருப்புக் கணக்கு தப்பியதே இல்லை.

"மத்த இருபத்தோரு பேரு எங்க?" என்றேன்.

மா சான் சிரித்தாள். "அவங்க டீச்சரு இல்ல அம்மா. பிள்ளைங்களோட அம்மாமாருங்க. ராத்திரி ஷிப்டு முடிஞ்சு நேரா இங்க வந்துடுவாங்க. ஒருத்தி சோறாக்குவா, ஒருத்தி கழுவி விடுவா. முறை போட்டு வர்றாங்க."

டோ மியாவுக்கு உயிர் வந்துவிட்டது. "தோத்த! சமைக்கிறவ செருப்பையெல்லாம் டீச்சரு கணக்குல சேத்துட்டியே!"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். சின் மலைப் பக்கத்துக்காரி, பெயர் மா எய். தூக்கக் கலக்கத்தில் கண் சொருகுகிறது. அவள் மடியோடு ஒட்டிக்கொண்டு ஒரு சின்னப் பெண். மலையிலிருந்து வந்து இரண்டு மாதம்தான், பர்மிய மொழி தெரியாது. டீச்சர் முன்னால் நின்று ஒரு வரி சொல்கிறாள். மா எய் அதை அந்தப் பிள்ளையின் காதில் அவர்கள் மொழியில் சொல்கிறாள். பிள்ளை சிரித்துக்கொண்டே கை தூக்குகிறது. அது மா எய் பெற்ற பிள்ளைகூட இல்லை. அவள் மகன் வேறு வகுப்பில் இருக்கிறான்.

டீச்சரிடம் கேட்டேன். "அந்த அம்மா வர்றதுக்கு முன்னாடி இந்தப் பிள்ளை தூண் மாதிரி ஒக்காந்திருக்கும்" என்றாள்.

டோ மியா கேலியை நிறுத்திவிட்டாள். மெதுவாகக் கண்ணாடியை எடுத்து மாட்டினாள். போனில் அந்தப் பட்டியலை விரலால் பெரிதாக்கி, தலைப்பை எழுத்துக் கூட்டினாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அக்கா, நான் தப்பாப் படிச்சிருக்கேன்."

"என்ன தப்பு?"

"டீச்சருன்னு நான் சொன்னது டீச்சரு மட்டும் இல்ல. பள்ளிக்கூடத்துல வேலை பாக்குற எல்லாரும். சோறு போடுறவ, பஸ் ஓட்டுறவன், கூட்டுறவன், எல்லாம் சேந்த வரிசை இது. டீச்சரு வரிசை தனியா பக்கத்துல இருக்கு. டெக்சாஸ்ல அது பாதிதான் வருது."

"அப்ப மிச்சம் பாதி?"

அவள் மா எய்யைப் பார்த்தாள். "மிச்சம் பாதி இவங்கதான்."

நான் செருப்பில் செய்த தப்பை அவள் காகிதத்தில் செய்திருக்கிறாள். படித்தவளும் படிக்காதவளும் ஒரே குழியில். இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் மூன்று வகுப்பு திரும்பிப் பார்த்தது.

அன்று மாலை ஆறரை மணி, அங்கே காலை ஏழு. கமலாவைக் கூப்பிட்டோம்.

"இன்னிக்குப் பள்ளிக்கூடத்துல போய்க் கேளுடி. டீச்சர விட்டுரு. மத்தவங்கள்ல நம்ம திரி பேரு யாருக்குத் தெரியும்னு கேளு."

"அம்மா, இங்க அப்படியெல்லாம் சட்டுனு உள்ள போக முடியாது. ஆபீசுல சொல்லி, நேரம் வாங்கி..."

"வாங்கு" என்றாள் டோ மியா, அவள் மாமியார்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் போன் வந்தது. கமலா அழுதுகொண்டிருந்தாள்.

"பேசுறாம்மா! ஒரு வருசமா தெனமும் பேசுறா!"

"யாருகிட்டடி?"

"சாப்பாடு போடுற அம்மாகிட்ட. நம்ம நாட்டு மோலமைன் ஊர்க்காரங்க. நம்ம பர்மா மொழி. திரி எப்பவும் வரிசையில கடைசியாத்தான் நிப்பாளாம். பின்னாடி யாரும் இல்லன்னா ரொம்ப நேரம் பேசலாம்ல, அதுக்காக. டீச்சருக்கே தெரியாதும்மா. இப்ப அந்த அம்மாவ சாப்பாட்டு வேலை முடிஞ்சதும் அரை மணி நேரம் திரி பக்கத்துல ஒக்காரச் சொல்லியிருக்காங்க."

போன் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. நியூயார்க் மோசம் என்று நான் சொல்லவில்லை. அங்கே டீச்சர் அதிகம், செலவு அதிகம், அது மெய்தான். அங்கேயும் ஒரு சோறு போடுகிற அம்மா இருக்கக்கூடும். ஆனால் அவளுக்குத் திரியை இன்னும் தெரியாது. இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் டோ மியாவின் இரண்டு மகன்களும் இரண்டு ஊரிலேயே இருக்க வேண்டும், அதை நான் எப்படிச் சொல்வேன்?

அவளே போனை எடுத்தாள். "கமலா, வீட்டு ஒப்பந்தத்துல ஒரு வருசத்துக்குக் கையெழுத்துப் போடுங்க. தம்பிகிட்ட நான் சொல்லிக்கிறேன்." போனை வைத்துவிட்டு முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொண்டாள். திரும்பாமலே, "சாப்பாடு போடுற அந்தப் பொம்பளைக்கு நாம என்ன அக்கா செய்ய முடியும்? அவ எங்கயோ இருக்கா" என்றாள்.

"பருப்பு ஊறப் போடு" என்றேன்.

அடுத்த வியாழன், மறுபடியும் லைங் தாயா பஸ். இரண்டு பெரிய தூக்கு நிறைய வடை. அமெரிக்காவில் எத்தனை பணம், எத்தனை பேர் என்று பார்த்தால் நம் ஊரை அதன் பக்கத்தில் வைக்கவே முடியாது. ஆனால் அங்கேயும் ஒரு பிள்ளை வரிசையின் கடைசியில் நிற்கிறது, இங்கேயும் ஒன்று தூண் மாதிரி உட்காருகிறது. இரண்டுக்கும் யாரோ ஒருத்தி குனிந்து காது கொடுத்திருக்கிறாள். மோலமைன்காரிக்குக் கும்பிடு போட எனக்கு வழியில்லை. மா எய் கையில் முதல் வடையைக் கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

படிக்கட்டில் அதே ஓரத்தில் அதே பெரிய செருப்பு வரிசை. விருந்தாளிகள் செருப்பு விடுவதற்கு எதிர்ப்பக்கம் ஒரு பலகை இருக்கிறது. போன தடவை அங்கேதான் விட்டோம். இந்தத் தடவை நான் என் செருப்பைப் பெரிய வரிசையின் கடைசியில் விட்டேன். டோ மியா தன்னுடையதைக் கழற்றி என்னுடையதோடு சேர்த்து நேராக வைத்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதலிலிருந்து ஒவ்வொரு ஜோடியாக விரல் நீட்டி எண்ணினாள்.

"இருபத்தெட்டு" என்றாள். வடைத் தூக்கைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் படியேறினாள்.