சிவப்பு வௌவால்கள்

அஜக்ஸ் நகரில் வீடு வாங்கிய மறுவருடக் கோடையில் என் கணவருக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்தது. மாடிப்படி ஏறக்கூடாது என்பதால் வரவேற்பறை சோபாவே அவருக்குக் கட்டிலாயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அந்த வாரம், பொழுதுபடுகிற நேரத்தில், ஒரு வௌவால் உள்ளே புகுந்து அவர் தலைக்கு மேல் சுற்றத் தொடங்கியது.

உதவிக்கு வந்திருந்த மச்சாள் சுவரோடு ஒட்டிக்கொண்டார். "உது நல்லதுக்கில்லை. வருத்தக்காரர் கிடக்கிற வீட்டுக்கை உது வரக்கூடாது" என்றார். எனக்குக் கைகால் ஓடவில்லை. வெளியே போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அங்கே சீனாவிலிருந்து வந்த, என் வயதுப் பெண் ஒருத்தி தனியாக இருந்தாள். அதுவரை பனி தள்ளும்போது கையசைத்ததோடு சரி. விஷயத்தைச் சொன்னதும் வெறுங்காலோடு வந்தாள். விளக்குகளை அணைத்தாள். பின்கதவை அகலத் திறந்துவிட்டு, எங்களை அசையாமல் இருக்கச் சொன்னாள். சிறிது நேரத்தில் வௌவால் தானாகவே வெளியேறியது.

என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள்: "பயப்படாதே. எங்கள் மொழியில் வௌவாலுக்கும் பாக்கியத்துக்கும் ஒரே ஓசை. உன் வீட்டுக்கு வந்தது பாக்கியம்."

அதை நான் நம்பினேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் அன்று படுத்தவுடன் நித்திரை வந்தது.

இலைகள் நிறம் மாறிய காலத்தில் கணவர் நடக்கத் தொடங்கினார். அவளே எங்களைத் தன் காரில் ஏற்றி, 401 நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து, நகரத்து அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனாள். சீன அரண்மனையில் அணிந்த நீலப் பட்டு அங்கி ஒன்று கண்ணாடிக்குள் விரிந்திருந்தது. பொன்னிழையில் டிராகன்கள், அவற்றைச் சுற்றி மேகங்கள், மேகங்களுக்கிடையே சின்னச் சின்னச் சிவப்பு வௌவால்கள். அவள் மொழியில் சிவப்பு என்ற சொல்லுக்குப் 'பெரிய' என்பதன் ஓசை உண்டாம். சிவப்பு வௌவால் என்றால் பெரும் பாக்கியமாம்.

கணவர் குனிந்து பார்த்தார். "உவர் எங்கட வீட்டுக்கு வந்து போனவரெல்லே" என்றார்.

நான் மொழிபெயர்த்ததும் அவள் சிரித்தாள். பிறகு சொன்னாள்: "அன்றைக்கு எனக்கும் உடம்பு நடுங்கியது. சின்ன வயதிலிருந்தே எனக்கு வௌவால் என்றால் பயம். ஆனால் நீ நின்ற நிலையைப் பார்த்தபோது, யாராவது ஒருத்தர் பயப்படாதவராக இருக்கவேண்டும் என்று பட்டது."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "நன்றி எண்டு சொல்லுமப்பா" என்று கணவர் பின்னாலிருந்து மெல்லச் சொன்னார். அதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் இப்போது திரும்பவும் ரயிலில் வேலைக்குப் போகிறார். எனக்கு வேலை முடியப் பிந்தினால், ஸ்டேஷனிலிருந்து அவரைக் கூட்டிவருபவள் அவள்தான். மச்சாள் பக்கத்து ஊர் விட்பியிலிருந்து வரும்போதெல்லாம் அவளுக்கென்று ஒரு பெட்டி இறைச்சி றோல்ஸ் தனியாகக் கட்டிக்கொண்டு வருகிறார். அதில் ஒன்றையும் எங்களைத் தொட விடுவதில்லை.