சித்தப்பாவுக்குத் தெரியாத பிரெஞ்சு

மைக்கைக் கையில் வாங்கியதும் சித்தப்பா உடனே பேச மாட்டார். சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து மைக்கின் தலையை ஒரு முறை துடைப்பார். மடிப்புக் கலையாமல் அதைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டு, முன்வரிசையைப் பார்த்து லேசாகச் சிரிப்பார். அதற்குள் கூட்டம் அடங்கிவிடும். பொங்கல் விழாவானாலும் சரி, யாருடைய அறுபதாம் கல்யாணமானாலும் சரி, மாண்ட்ரியலில் தமிழ்நாட்டுக்காரர்கள் கூடிய இடத்தில் பேசுவதற்கு அவர்தான். அவர் என் அப்பாவின் தம்பி. விடுமுறைக்கு அவர் கும்பகோணம் வரும்போதெல்லாம், தம்பியின் முன்னால் அப்பா குரலைத் தாழ்த்திக்கொள்வதைச் சிறுமியாக நான் பார்த்திருக்கிறேன். நானும் அந்தக் குரலுக்கு மயங்கியவள்தான். அதை ஒரு நாள் ஊர் பார்க்க அடைத்துப் போட்டவளும் நான்தான்.

அவர் எனக்குச் செய்த நல்லதை மறைக்கப் போவதில்லை. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் இருக்கும் விவசாயக் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்தபோது, தயங்கிய அப்பாவைப் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தவர் அவர். விமான நிலையத்துக்குத் தடித்த கோட்டு ஒன்றைக் கையில் தொங்கவிட்டபடி வந்து நின்றார். பியர்பொன்ட்ஸில் அவருடைய வீட்டின் கீழ்த்தளத்தில்தான் நான் படித்து முடிக்கும்வரை இருந்தேன். சித்தி தினமும் டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுப்பார். சித்தப்பா என்ஜினியர். எழுபதுகளிலேயே வந்துவிட்டவர். இத்தனை வருஷம் இருந்தும் 'போன்ஷூர்', 'மெர்சி' என்பதைத் தாண்டி ஒரு பிரெஞ்சு வார்த்தை அவர் வாயில் வராது. "இங்கிலீஷ் தெரிஞ்சவனுக்கு இங்க என்ன குறைஞ்சு போச்சு?" என்பார். அவருடைய ஒரே மகளை, நான் அக்கா என்று கூப்பிடுபவளை, அந்த மாகாணத்துச் சட்டப்படி பிரெஞ்சுப் பள்ளியில்தான் படிக்க வைக்க வேண்டியிருந்தது. பிரெஞ்சில் காகிதம் எது வந்தாலும் அக்கா வந்து வாசித்துச் சொல்லும்வரை அது சாப்பாட்டு மேசையில் காத்துக் கிடக்கும்.

அக்கா அடுத்த தெருவில் குடியிருந்தாள். அவளுடைய மூன்று வயது மகளை கார்டெரியிலிருந்து, அதாவது பிள்ளைகள் காப்பகத்திலிருந்து, சாயங்காலம் கூட்டி வருவது சில நாட்களில் என் வேலையாக இருந்தது. அங்கேதான் சுகியைப் பார்த்தேன். யாழ்ப்பாணத்துப் பெண், அகதியாக வந்தவள், அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பனிக்காலத்தில் ஒரு டஜன் பிள்ளைகளுக்குப் பனிக்கால்சட்டை, பூட்ஸ், கையுறை, தொப்பி என்று மாட்டி வாசலுக்கு அனுப்புவதற்குள் முதலில் மாட்டிய பிள்ளை எல்லாவற்றையும் கழற்றிப் போட்டிருக்கும். சுகி சிரித்துக்கொண்டே மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். பியர்பொன்ட்ஸ் பஸ் பயணம் முடிவில்லாதது. அந்தப் பஸ்ஸில்தான் எனக்கு அவள் பிரெஞ்சு கற்றுக்கொடுத்தாள். நான் தப்பாக உச்சரித்தால் வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரிப்பாள். அந்தத் தோளில் சாய்ந்துகொள்ள வேண்டும் என்று ஒரு நாள் எனக்குத் தோன்றியது. சாய்ந்தேன். அவள் விலகவில்லை.

படிப்பு முடிந்து, வேலை கிடைத்து, நானும் சுகியும் ஒரே வீட்டில் குடியேறினோம். தோழிகள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். புவாண்ட்-கிளேரில் ஒரு கடைத்தொகுதியின் வாசலில் நாங்கள் கைகோத்து நின்ற விதத்தைச் சித்தப்பா பார்த்துவிட்டார். மறுநாள் என்னை வரச்சொன்னார். கத்தவில்லை. "இங்க பாரும்மா, நான் ஒண்ணும் பழைய காலத்து ஆள் இல்ல. ஆனா இதெல்லாம் நம்ம குடும்பத்துல கிடையாது. ரெண்டு மாசம் டைம் எடுத்துக்கோ, சரியாயிடும்" என்றார். காய்ச்சலுக்கு மாத்திரை சொல்வதைப் போல. நான் எழுந்து வந்தேன்.

ரெண்டு மாசம் டைம் என்றவர் ஒரு வாரம்கூடப் பொறுக்கவில்லை. கார்டெரி நடத்திய அம்மாள் சுகியைச் சமையலறைக்குள் அழைத்து, கதவைச் சாத்திவிட்டு, "உங்கள் சமூகத்துப் பெரியவர் ஒருவர் வந்திருந்தார். உன்னைப் போன்றவள் பிள்ளைகளைத் தொடக்கூடாது என்கிறார். மற்ற பெற்றோர்களிடமும் சொல்வாராம். என்னுடையது சின்ன இடம்" என்றாளாம். மத்தியானத் தூக்கத்திலிருந்து பிள்ளைகள் விழிக்கும் முன்னமே சுகி கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியவில்லை. வீட்டுக்கு வந்து பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, "நான் ஒண்டும் பிழையாச் செய்யேல்லையே. பிள்ளையள் எழும்பி என்னைத் தேடப்போகுதுகள்" என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். அதன்பிறகு புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில் பெட்டிகளுக்கு டேப் ஒட்டும் வேலைக்குப் போனாள்.

சுகி நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டாள் என்று அக்காவிடம் சித்தப்பா சொல்லியிருந்தார். அக்காவும் நம்பிவிட்டாள். "எங்கிட்டகூட சொல்லாம போயிட்டாளே, பாப்பா தினம் அழறா" என்று என்னிடம் குறைப்பட்டாள். உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்று சுகியிடம் சொன்னேன். அவள்தான் தடுத்தாள். "அவவுக்கு அப்பா எல்லோ. விடு. பேந்து பாப்பம்" என்றாள். சரி, பிறகு பார்க்கலாம் என்று நானும் இருந்தேன். ஆனால் அவள் சொன்ன பேந்து வேறு, நான் நினைத்த பேந்து வேறு. அந்த மனிதரை எங்கே அடித்தால் வலிக்கும் என்று நான் தேடிக்கொண்டிருந்தேன்.

வழி தானாக வந்தது. இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு தொடக்கத்தில் குவிபெக் சட்டசபை ஒரு சட்ட வரைவை எடுத்துப் பேசத் தொடங்கியிருந்தது. யார் யாரை மணம் முடிக்கலாம் என்று முடிவுசெய்யும் அதிகாரம் ஒட்டாவாவில் இருக்கும் மத்திய அரசிடம் இருந்ததால், மாகாணத்தால் கல்யாணம் என்ற பெயரைக் கொடுக்க முடியாது. அதனால் சிவில் யூனியன் என்ற வேறொரு பெயரில், கல்யாணத்தின் உரிமைகளை எங்களைப் போன்றவர்களுக்கும் கொடுப்பது என்று யோசனை. முதல் வரைவில் குழந்தைகளைப் பற்றிப் பேச்சே இல்லை. இரண்டு பெண்கள் ஒரு குழந்தைக்குத் தாயாக முடியுமா என்பதில்தான் விவாதமே. வேலையிடத்தில் பாதிப்பேர் நிறைவேறும் என்றார்கள், பாதிப்பேர் குழந்தை விஷயத்தைக் கழற்றிவிட்டுத்தான் நிறைவேற்றுவார்கள் என்றார்கள். "இந்த ஊர்ல எவனும் இதுக்கு ஓட்டுப் போட மாட்டான்" என்றாராம் சித்தப்பா. எங்கள் பகுதியின் சட்டசபை உறுப்பினர் மக்களின் கருத்தைக் கேட்க நூலகத்தில் ஒரு கூட்டம் கூட்டினார். தமிழ்ச் சங்கத் தலைவர் என்ற முறையில் தமிழர்களின் சார்பில் சித்தப்பா பேசப் போகிறார் என்று கேள்விப்பட்டதும், அன்றே என் பேச்சை எழுதத் தொடங்கினேன்.

பிரெஞ்சில் எழுதினேன். அது நன்றாக யோசித்து எடுத்த முடிவு. ஆங்கிலத்தில் பேசினால் அவர் ஒவ்வொரு வார்த்தைக்கும் பதில் தேடி வைத்துக்கொள்வார். எனக்கு அது வேண்டாம். ஊரே அவரைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்க, அவருக்கு மட்டும் புரியக்கூடாது. புரிந்துகொள்ள அவர் தன் மகளிடம் கேட்க வேண்டும். அந்த மகள் சொல்ல வேண்டும்.

சித்தப்பா முன்வரிசையில் அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார். பிரெஞ்சில் யாராவது பேசினால் அவள் அவர் காதில் சொல்லிக்கொண்டிருந்தாள். சங்கத்து ஆட்கள் சுற்றிலும் இருந்தார்கள். அவருடைய முறை வந்தது. அழகான ஆங்கிலத்தில், "எங்கள் சமூகத்தில் இப்படிப்பட்டவர்கள் ஒருவர்கூடக் கிடையாது. எங்களுக்குத் தேவையில்லாத ஒன்றை எங்கள் பிள்ளைகளின் மேல் திணிக்காதீர்கள்" என்றார். கைதட்டல் கிடைத்தது. ஒரே ஒரு மைக்தான் இருந்தது. உறுப்பினர் வேறு யாராவது பேச விரும்புகிறீர்களா என்று கேட்டார். பின்வரிசையில் நான் எழுந்தேன். சுகி என் கையைப் பிடித்து இழுத்தாள். "இரு, வேண்டாம்" என்றாள். நான் கையை விடுவித்துக்கொண்டு முன்னால் போய், சித்தப்பாவின் கையிலிருந்தே மைக்கை வாங்கினேன்.

"இப்போது பேசியவரின் அண்ணன் மகள் நான். எங்கள் சமூகத்தில் இல்லை என்று அவர் சொன்ன ஆள் நான்தான்" என்று தொடங்கினேன். பிறகு கார்டெரியைப் பற்றிச் சொன்னேன். எந்தப் பெரியவர் அங்கே போனார், என்ன சொன்னார், பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தபோது அவர்களை வளர்த்தவள் எப்படி வெளியே அனுப்பப்பட்டாள் என்று சொன்னேன். அந்தப் பிள்ளைகளில் அவருடைய பேத்தியும் ஒருத்தி என்றேன். நான் உறுப்பினரைப் பார்க்கவே இல்லை. சித்தப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் அக்காவின் பக்கம் சாய்ந்து, "என்ன சொல்றா?" என்றார். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னடி சொல்றா அவ?" என்றார் மறுபடியும். அக்கா அவரை நேராகப் பார்த்தாள். தமிழில், எல்லோருக்கும் கேட்கும்படி, "அப்பா, சுகியை நீங்களா அனுப்பினீங்க?" என்றாள்.

"வீட்டுல போய்ப் பேசிக்கலாம்."

"இல்லப்பா. இங்கயே சொல்லுங்க."

உறுப்பினருக்கும் மற்றவர்களுக்கும் அது புரியவில்லை. சங்கத்து ஆட்களுக்குப் புரிந்தது. அவர்கள் ஒவ்வொருவராகத் தரையைப் பார்த்தார்கள். "ஐயா, நீங்கள் பதில் சொல்ல விரும்புகிறீர்களா?" என்று உறுப்பினர் மரியாதையாக ஆங்கிலத்தில் கேட்டார். நான் மைக்கை நீட்டினேன். சித்தப்பா அதை வாங்கவில்லை. தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினார். அக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்து, அவரைத் தாண்டி, பின்வரிசைக்கு வந்து சுகியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஜூன் மாதம் சட்டம் நிறைவேறியது. குழந்தைகளின் விஷயமும் அதில் சேர்ந்திருந்தது. எதிர்த்து ஒரு ஓட்டுக்கூட விழவில்லை. அன்று சித்தப்பாவின் வீட்டுக்குப் போன் செய்தேன். யாரும் எடுக்கவில்லை. பதிவுக் கருவியில், "ஒருத்தர்கூட எதிர்க்கல சித்தப்பா" என்று சொல்லிவிட்டு வைத்தேன். அன்று நான் சாப்பிட்ட சாப்பாட்டின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

அந்தக் கோடையில் நீதிமன்றக் கட்டடத்தில் நாங்கள் பதிவு செய்துகொண்டபோது அக்காதான் சாட்சி. சித்தியும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார். காரில் கொண்டுவந்து விட்டவர் சித்தப்பாதான் என்று பிறகுதான் தெரிந்தது. மேலே வராமல், வெயிலில், தெருவோரமாக நிறுத்திய காரிலேயே இருந்தார். முடிந்து இறங்கி வந்தபோது சுகி அவரைப் பார்த்துவிட்டாள். கேசரி இருந்த டப்பாவைத் திறந்துகொண்டு அவள் காரை நோக்கி இரண்டடி வைத்தாள். "போகாதே" என்றேன். "நல்ல நாளில என்ன இது? பாவம், அந்த மனுசன் உள்ளுக்க வேர்த்துக்கொண்டு இருக்கு" என்றாள். "வேர்க்கட்டும்" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். டப்பாவை மூடினாள்.

அக்கா அவரை ஒதுக்கிவிடவில்லை. ஆனால் பேத்தியை அவரிடம் தனியாக விடுவதை நிறுத்திவிட்டாள். சங்கத் தலைவர் பதவியிலிருந்து அவரே விலகிக்கொண்டார். விழாக்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, சாப்பாடு போடும் முன்னமே எழுந்து போவார் என்று கேள்விப்பட்டேன். எங்களுக்கு மகள் பிறந்தாள். அவளுடைய பிறப்புச் சான்றிதழில் இரண்டு தாய்மாரின் பெயர் இருக்கிறது. சுகி மறுபடி ஒரு கார்டெரியில் சேர்ந்தாள். குழந்தைக்கு ஆறு மாதம் இருக்கும்போது சித்தப்பா போன் செய்தார். குரல் இளைத்திருந்தது. "குழந்தையை ஒரு தடவை பாக்கணும்மா" என்றார். "வேண்டாம் சித்தப்பா" என்றேன். நான் வைத்துவிட்டேன். "காட்டினா என்ன, குறைஞ்சே போயிடும்?" என்று சுகி அன்று என்னோடு சண்டை போட்டாள். நான் இறங்கவில்லை. இரண்டு குளிர்காலம் கழித்து அவர் இறந்துபோனார். பார்க்காமலே.

போன மாதம் அக்காவின் வீட்டுச் சுவரில் மாலை போட்டிருந்த படத்தைக் காட்டி, இது யார் என்று கேட்டாள் மகள். உன் சின்னத் தாத்தா என்றேன். அவர் என்னைத் தூக்கியிருக்கிறாரா என்றாள். இல்லை, நான் விடவில்லை என்றேன். ஏன் என்று அவள் விடாமல் கேட்டதால், வீட்டுக்குத் திரும்பும் வழியில் காரில் எல்லாவற்றையும் சொன்னேன், இங்கே எழுதியிருப்பதைப் போலவே. பின்னால் உட்கார்ந்திருந்த சுகி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சிக்னலில் வண்டி நின்றபோது மகள் என் பக்கம் திரும்பினாள். பிறகு, "அவர் சாரி சொல்லத்தான் போன் பண்ணாரோ என்னவோம்மா?" என்றாள்.

"இருக்கலாம்" என்றேன். சிக்னல் பச்சையானது. வண்டியை எடுத்தேன்.